கண்ணுக்குள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணம்

காட்டுப்பள்ளியிலிருந்து மீஞ்சூர் வந்து, அங்கே மின்சார ரயிலைப் பிடித்து ராயபுரம் பக்கம் கல்லூரிக்குப் போகிறவன் நான். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிப் புழுதி, உப்புக் காற்று, போதாக்குறைக்கு அனல்மின் நிலையச் சாம்பல். இந்த லட்சணத்தில் ஆசைப்பட்டு கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். சாயங்காலம் எண்ணூர் தாண்டும்போது இரண்டு கண்ணிலும் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். கடைக்காரர் "பழகிடும் தம்பி" என்றார். பழகவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண் வறட்சி என்றார்.

பி.காம். படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். எரிச்சல் தாங்காமல்தான் லென்ஸின் பூர்வீகத்தைத் தோண்டினேன். பார்த்தால், அதன் ஆரம்பமே கண் வறண்டு போகாமல் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது!

1887-ல் ஜெர்மனியின் வீஸ்பாடனில், செயற்கைக் கண் செய்யும் முல்லர் குடும்பத்திடம் ஒரு நோயாளி வந்தார். புற்றுநோயால் இமையை இழந்தவர். கண்ணீரைக் கண் முழுக்கப் பரப்புவது இமைதான். அது இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து பார்வையே போய்விடும். மெல்லிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை ஊதி அவர் கண்ணில் பொருத்தினார்கள். உள்ளே ஈரம் தங்கியது, கண் பிழைத்தது. சுமார் 20 வருஷம் அவர் அதை அணிந்திருந்தாராம்.

பார்வைக் குறைபாட்டுக்காக லென்ஸ் செய்தவர் ஜூரிச் நகர மருத்துவர் அடால்ஃப் ஃபிக். முதலில் முயலுக்கு, பிறகு தனக்கே போட்டுப் பார்த்து 1888-ல் எழுதி வெளியிட்டார். அதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியால் மூடினால் மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? 1948-ல் அமெரிக்காவில் கெவின் டூஹி கருவிழியை மட்டும் மறைக்கும் சின்ன பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். ஆனால் அதுவும் கெட்டி.

அடுத்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டெர்லே, தண்ணீரை உறிஞ்சி மெதுமெதுவென்று ஆகும் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு, அதை லென்ஸாக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1961 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டில், பிள்ளைகள் விளையாடும் மெர்க்குர் கட்டமைப்புப் பொம்மைத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து ஒரு இயந்திரம் செய்தார். சுழலும் அச்சில் துளித் துளியாக ஊற்றியதும் லென்ஸ் உருவானது. அரசாங்கம் காப்புரிமையை அமெரிக்கர்களுக்கு விற்றது. 1971-ல் அங்கே அனுமதி கிடைத்து, சாஃப்ட் லென்ஸ் உலகமெங்கும் பரவியது. கண்டுபிடித்தவர் கைக்கு வந்ததோ சொற்பம். (இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எங்கள் அக்கவுன்டன்சி பாடத்தில் இல்லை!)

அந்த லென்ஸில் சுமார் 38 சதவீதம் தண்ணீர். அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது, வறண்ட கண்ணுக்குச் சிக்கலும் அதனால்தான். ஏசியிலும் காற்றிலும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். உலர்ந்த லென்ஸ் கண்ணில் உறுத்தும். போதாததற்கு, லென்ஸ் நடுவில் உட்கார்ந்து கண்ணீர்ப் படலத்தை வேறு பிரித்துவிடுகிறது. 1999 வாக்கில் வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல், தண்ணீரை நம்பாமலே ஆக்சிஜனை உள்ளே விடுகிறது. மூச்சுப் பிரச்சினை தீர்ந்தது. வறட்சி எல்லோருக்கும் தீரவில்லை.

அப்புறம் அந்தப் பழைய கிண்ணமே திரும்பி வந்தது. 1978-ல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சென்னை சங்கர நேத்ராலயாவில், மருந்து ஒவ்வாமையால் கண்ணீர் வற்றிப்போனவர்களுக்கு 'ப்ரோஸ்' என்ற பெரிய லென்ஸ் பொருத்துகிறார்கள். வெள்ளை விழியில் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் நிற்கும். இடையில் உப்புநீர் நிரப்பிப் போடுவார்கள். கண் நாள் முழுக்க அந்த ஈரத்திலேயே இருக்கும். முல்லர் கிண்ணத்தின் அதே வேலைதான், ஆனால் இந்த பிளாஸ்டிக் ஆக்சிஜனை விடும்.

எனக்கு அவ்வளவு தூரம் வேண்டியிருக்கவில்லை. பிரிசர்வேடிவ் இல்லாத சொட்டு மருந்து, தினமும் மாற்றுகிற லென்ஸ், கம்ப்யூட்டர் முன்னால் மறக்காமல் கண் சிமிட்டுவது, இதுதான் டாக்டர் சொன்னது. லென்ஸோடு தூங்கக்கூடாது; லென்ஸில் தண்ணீர் படவே கூடாது, எங்கள் ஊர் ஆலையில் கடல்நீரைச் சுத்திகரித்த குடிநீராகவே இருந்தாலும். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு அவரிடம் போக வேண்டும்.

இப்போதெல்லாம் ரயிலில் மூக்குக் கண்ணாடிதான். கல்லூரிக்குப் போய்க் கை கழுவித் துடைத்துவிட்டு லென்ஸ் போடுவேன். சாயங்காலம் வண்டி ஏறுவதற்கு முன்பே அது குப்பைத்தொட்டியில் இருக்கும்.