ஐந்தரை சென்டிமீட்டர் எல்லை: வயிற்றுப் பெருந்தமனிப் பரிசோதனையின் வரலாறு

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்பைக் கடந்து முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குக் குருதியைக் கொண்டுசெல்கிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் பெரும்பாலோருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். முதுமையும் புகைப்பழக்கமும் பரம்பரைக் கூறும் சேர்ந்து, தமனிச் சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்னும் நார்ப்பொருளைச் சிதைக்கும்போது, ஓயாது மோதும் குருதியின் அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் சுவர் மெல்லப் புடைக்கத் தொடங்குகிறது. விட்டம் 3 சென்டிமீட்டரை எட்டினால் அதை அனியூரிசம், அதாவது தமனி வீக்கம், என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். ஆண்டுக்கணக்கில் வளரும் இவ்வீக்கம் வலியையோ வேறு அறிகுறியையோ பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆனால் வெடித்துவிட்டால் ஐவரில் நால்வர் வரை இறந்துபோகின்றனர், அவர்களில் பலர் மருத்துவமனையை எட்டுவதே இல்லை. நோயின் குறி எதுவும் இல்லாத மனிதரை அழைத்துச் சோதிக்கும் ஸ்கிரீனிங் என்னும் முன்பரிசோதனைக்கு இதைவிடப் பொருத்தமான நோய் அரிது என்று தோன்றக்கூடும். எனினும் அத்தகைய பரிசோதனை ஒரு நாட்டின் பொதுத்திட்டமாக உருப்பெற 2009ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருப்புக்கு முதற்காரணம் கண்டறிய முடியாமை அன்று. கண்டறிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாமையே. உடற்கூற்றியலின் முன்னோடியான வெசாலியஸ், 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில், உயிரோடிருந்த ஒருவரிடம் பெருந்தமனி வீக்கம் இருப்பதைக் கூறினார். நோயாளி இறந்தபின் நடந்த உடற்கூறாய்வு அதை மெய்ப்பித்தது, அவ்வளவே. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் 1817இல் வயிற்றுப் பெருந்தமனியையே நூலால் கட்டினார். நோயாளி இரண்டு நாள்கூட உயிர்வாழவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ருடால்ஃப் மட்டாஸ் 1923இல் அதே வகைக் கட்டுப்போடும் அறுவையைச் செய்து நோயாளியைப் பிழைக்க வைத்தது பெருஞ்சாதனையாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூடக் கைவசம் இருந்த வழிகள் எவ்வளவு எளியவை என்பதற்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் உடலே சான்று. 1948 டிசம்பரில் புரூக்ளினில் அவர் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிசென், வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைப் பொதிந்தார். அத்தாள் திசுவை உறுத்தித் தழும்புண்டாக்கும், தழும்பு சுவரை இறுக்கிப் பிடிக்கும் என்பதே எதிர்பார்ப்பு. அது ஆறாண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியபோது, அதற்குள் புதிய அறுவை முறை வந்திருந்தும் அவர் அதை ஏற்க மறுத்து, 18ஆம் நாள் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் இறந்தார்.

அந்தப் புதிய முறை பாரிஸ் நகரில் பிறந்தது. 1951 மார்ச்சில் சார்ல் துபோஸ்ட், வீங்கிய பகுதியை வெட்டியகற்றி, இறந்த ஒருவரின் தமனித் துண்டை அங்கே தைத்தார். விரைவிலேயே அமெரிக்காவில் ஆர்தர் வூர்ஹீஸ் செயற்கை நூலிழைத் துணியாலான குழாயையும், மைக்கேல் டிபேக்கி டாக்ரான் துணிக் குழாயையும் பயன்படுத்தத் தொடங்க, மாற்றுத் தமனிக்கு இறந்தவரை எதிர்பார்க்கும் நிலை நீங்கியது. ஆக, தீர்வு வந்துவிட்டது. நோயாளியை உரிய காலத்தில் கண்டுபிடிப்பதுதான் எஞ்சியது.

அதற்கான கருவி மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவரான இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசலைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய மீயொலிக் கருவியை, அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளின் மீது 1955இல் ஒரு கொதிகலன் ஆலையில் சோதித்துப் பார்த்தார். நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தருவதைக் கண்ட அவரும் பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் மாக்விகாரும் 1958இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையே வயிற்றுக்கான அல்ட்ராசவுண்டு ஸ்கேனின் தொடக்கம். கருவுற்ற பெண்களுக்கெனப் புகழ்பெற்ற அக்கருவி, ஊடுகதிர் இன்றி, ஊசியின்றி, மிகக் குறைந்த செலவில் முதியவரின் பெருந்தமனியையும் அளக்கவல்லது என்பதை அடுத்த இருபது ஆண்டுகளில் மருத்துவர்கள் உணர்ந்தனர்.

இந்தக் கட்டத்தில் இங்கிலாந்து காட்டிய நிதானம் கவனிக்கத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவர் 1968இல் வகுத்த நெறிகளின்படி, ஒரு முன்பரிசோதனை மக்களிடம் செல்வதற்கு முன் அந்நோயின் இயல்பான போக்கு தெரிந்திருக்க வேண்டும். எவருக்குச் சிகிச்சை, எவருக்கு வேண்டாம் என்பதில் உடன்பாடும் இருக்க வேண்டும். இரண்டையும் நிறுவும் பணி, தென்கடற்கரையை அடுத்த சிச்செஸ்டர் என்ற சிறு நகரில் தொடங்கியது. அங்குள்ள செயின்ட் ரிச்சர்ட்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆலன் ஸ்காட், 1980களின் இறுதியில், 65 முதல் 80 வயது வரையிலான 15,775 ஆண்களையும் பெண்களையும் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார். சோதிக்கப்பட்ட ஆண்களில் 7.6 விழுக்காட்டினருக்கு வீக்கம் இருந்தது, பெண்களில் 1.3 விழுக்காட்டினருக்கே இருந்தது. பிற்காலத் திட்டங்கள் ஆண்களை மட்டும் அழைத்ததன் வேர் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

எனினும் கண்டுபிடிக்கப்பட்ட வீக்கங்களில் மிகப்பெரும்பாலானவை சிறியவை என்பது புதிய சிக்கலை எழுப்பியது. அறுவையே உயிருக்கு ஆபத்தான காலம் அது. 4 சென்டிமீட்டர் வீக்கத்தோடு நன்றாக நடமாடும் ஒருவரை அறுவை மேசையில் கிடத்துவது நியாயமா என்ற கேள்விக்கு, 1991 முதல் 1,090 நோயாளிகளைச் சேர்த்து நடந்த பிரிட்டனின் சிறு வீக்க ஆய்வு 1998இல் விடையளித்தது. 4 முதல் 5.5 சென்டிமீட்டர் வரையிலான வீக்கங்களுக்கு உடனடி அறுவை செய்தவர்கள், ஸ்கேன் மூலம் கண்காணிக்கப்பட்டவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை. உடனடி அறுவைக் குழுவில் முப்பது நாள்களுக்குள் இறந்தோர் 5.8 விழுக்காட்டினர். அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நடந்த ஆய்வும் 2002இல் இதையே உறுதிசெய்தது. இத்துறையின் வரலாற்றில் புதிய அறுவை முறைகள் பெற்ற புகழில் சிறு பங்கும் பிரிட்டனின் இந்த ஆய்வுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் 5.5 சென்டிமீட்டருக்குக் கீழே கைவைக்காதே என்ற அதன் முடிவு இல்லாமல் முன்பரிசோதனை நன்மையைவிடத் தீமையையே அதிகம் விளைத்திருக்கும்.

அதே காலத்தில் போர்ட்ஸ்மவுத், சவுதாம்ப்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய நான்கு மையங்களில், 65 முதல் 74 வயது வரையிலான ஏறத்தாழ 67,800 ஆண்களைக் கொண்டு மாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெரும் ஆய்வு நடந்தது. நான்காண்டுக் கண்காணிப்புக்குப்பின் 2002இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்படாத குழுவில் தமனி வீக்கத்தால் 113 பேரும், அழைக்கப்பட்ட குழுவில் 65 பேரும் இறந்தனர். ஆபத்து 42 விழுக்காடு குறைந்தது. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த அறுவையில் இறந்தோர் 6 விழுக்காடு, அவசர அறுவையில் 37 விழுக்காடு என்ற ஒப்பீடு, பரிசோதனை எங்கே உயிரைக் காக்கிறது என்பதைக் காட்டியது. இருப்பினும் 48 இறப்புகளைத் தவிர்க்க ஏறத்தாழ 33,800 பேரை அழைக்க வேண்டியிருந்தது என்பதையும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் கூட்டுத்தொகையில் அந்நான்காண்டுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைத்துப் பேசுவது முறையன்று.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. அங்கே 2005இல் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு, வாழ்நாளில் எப்போதேனும் புகைபிடித்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு ஒரு முறை ஸ்கேன் போதும் என்று பரிந்துரைக்க, 2007 முதல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு அச்செலவை ஏற்றது. இங்கிலாந்தோ புகைப்பழக்கத்தைக் கேட்காமல், 65 வயதை எட்டும் ஆண்டில் எல்லா ஆண்களையும் கடிதம் எழுதி அழைக்கும் முறையை 2009இல் தொடங்கி, 2013இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. பெரும்பாலும் ஊர்ப்பொது மருத்துவரின் இடத்திலேயே இச்சோதனை நடக்கிறது. வருபவர் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுக்க, பயிற்சி பெற்ற ஊழியர் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தி, திரையில் கருவட்டமாகத் துடிக்கும் தமனியை நிறுத்திப் பிடித்து, அதன் உட்சுவரின் இரு எதிர்முனைகளில் குறியிட்டு அளக்கிறார். குறுக்குவாட்டில் ஒன்று, நீளவாட்டில் ஒன்று. சில நிமிடங்களில் முடிவு சொல்லப்படுகிறது. 3 சென்டிமீட்டருக்குக் குறைவானவரை மீண்டும் அழைப்பதில்லை, 4.4 வரை ஆண்டுக்கொரு முறையும், 5.4 வரை மூன்று மாதத்துக்கொரு முறையும் அளக்கின்றனர்; 5.5 ஆனால் இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்புகின்றனர்.

இத்திட்டம் அறுவை மருத்துவர்களையும் திருத்தியது எனலாம். 2008இல் வெளியான ஐரோப்பிய ஒப்பீடு, திட்டமிட்ட அறுவையில் பிரிட்டனின் இறப்பு விகிதம் 7 விழுக்காட்டுக்கும் மேலாக, பிற நாடுகளின் சராசரியைவிட ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை வெளிப்படுத்தியது. நலமாக இருப்பவரை வலிய அழைத்து இவ்வளவு ஆபத்தில் தள்ளக் கூடாது என்பதால், தரக்கட்டுப்பாட்டை ஏற்ற மையங்களுக்கே நோயாளிகள் அனுப்பப்பட்டனர்; தொடை வழியாக உறைகுழாயைச் செலுத்தும் முறையும் பரவ, சில ஆண்டுகளில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1990இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியில் முதலில் செய்துகாட்டியதே இந்த உறைகுழாய் முறை.

ஆனால் திட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில் நோயே அருகத் தொடங்கியிருந்தது. மாஸ் ஆய்வில் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இருந்த வீக்கம், இங்கிலாந்தில் இப்போது அழைக்கப்படும் 65 வயது ஆண்களில் 1 விழுக்காட்டை ஒட்டியே காணப்படுகிறது. 2006இல் உப்சாலாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஸ்வீடன் திட்டமும் இதே சரிவைக் கண்டது. சிகரெட்டைக் கைவிட்ட தலைமுறை முதுமையை எட்டியதே இதற்கு முதன்மையான காரணம். ஸ்வீடனின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, தவிர்க்கப்பட்ட இறப்புகள் மிகச் சில என்றும், ஒருபோதும் வெடித்திருக்காத வீக்கத்துக்காக நோயாளியாக்கப்பட்டவர்கள் அவர்களைவிடப் பலர் என்றும் வாதிட்டது. திட்டத்தை ஆதரிப்போர் அக்கணக்கை மறுத்தனர். இரு தரப்பையும் நோக்கும்போது, தமனி வீக்க இறப்புகளைக் குறைத்ததில் ஸ்கேன் கருவியைவிடப் புகைப்பழக்கத்தின் வீழ்ச்சிக்கே பெரும்பங்கு உண்டு என்று கூறுவது பிழையாகாது. பெண்களுக்கு இவ்வீக்கம் அரிதெனினும் அதே அளவில் வெடிக்கும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம்; ஆயினும் செலவுக்கேற்ற பயன் இல்லையென 2018இன் மற்றோர் ஆய்வு கணித்ததால், இங்கிலாந்தின் அழைப்புக் கடிதம் இன்றுவரை ஆண்களுக்கே செல்கிறது.