தபால் பையும் பத்து கிலோமீட்டரும்

என் அப்பாவை நாங்கள் 'அய்யா' என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவின் வேலை உத்தரவில் ஒரே ஒரு சொல் பெரிதாக இருக்கும்: ரன்னர். 1960-களில் ஆத்தூருக்கும் புன்னைக்காயலுக்கும் இடையே தபால் பை சுமந்தவர். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பனியனில் அச்சடித்துக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிறார்கள். அன்றைக்கு அது தபால் இலாகாவின் கடைசிப் படி.

போக வர பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. செருப்பு கிடையாது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று, மணல் பாதையில் நடையும் ஓட்டமுமாகப் போவார். ஐப்பசி, கார்த்திகையில் பை நனையாமல் இருக்க ஓலைக் கொட்டானைக் கவிழ்த்துக்கொண்டு போவார். அவர் நனைவார், தபால் நனையாது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவன், "அவன் ரன்னர் மகன்லா, ஓடாம என்ன செய்வான்" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வாய்க்காலில் போட்டுவிட்டேன். அதன் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. மறுபடி ஓடத் தொடங்கியபோது எனக்கு வயது 61.

இந்த வயதில் ஓட ஆரம்பித்தவன் ஓட்டத்தின் கதையையும் படிக்க ஆரம்பித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது அதில் இருக்கிறது.

பிழைப்புக்காக ஓடுகிறவர்கள் நம் நாட்டில் எப்போதும் இருந்தார்கள். கம்பெனி காலத்திலும் வெள்ளைக்காரர் காலத்திலும் தபால் ஓட்டக்காரன் கையில் ஈட்டி அல்லது தடி இருக்கும். அதன் நுனியில் சலங்கை. காட்டு விலங்கு விலகட்டும், அடுத்த சாவடியில் காத்திருப்பவன் எழுந்து நிற்கட்டும் என்பதற்காக. பக்கத்துத் திருவிதாங்கூரில் 'அஞ்சல்' என்று மன்னருடைய தனித் தபாலே இருந்தது. அஞ்சலோட்டக்காரன் மணியொலியோடு வந்தால் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் வழிவிட வேண்டும். 1951-ல் அது இந்தியத் தபாலோடு சேர்க்கப்பட்டது. அந்தச் சொல்தான் இன்று நம் அஞ்சல் நிலையத்தில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், நாம் தொடர் ஓட்டம் என்று சொல்லும் ரிலே ரேஸுக்கு இன்னமும் 'அஞ்சலோட்டம்' என்றுதான் பெயர். விளையாட்டுக்குத் தபால்காரன் பெயரை வைத்ததற்காக அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் கதை வேறு. அமெச்சூர் என்றால் காசுக்காக விளையாடாதவன் என்று நாம் நினைக்கிறோம். 1866-ல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் தடகளக் கழகத்தின் விதி இன்னும் ஒருபடி மேலே போனது. கம்மியர், கைவினைஞர், கூலி வேலை செய்பவர் யாரும் அமெச்சூர் ஆகமாட்டார். உடலால் உழைக்கிறவனுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறதாம். கனவான்களோடு அவன் ஓடுவது நியாயம் இல்லையாம்! 1880-ல் புதிய சங்கம் அமைந்தபோது அந்த விதியை எடுத்துவிட்டார்கள். படித்ததும் எங்கள் பள்ளிக்கூட மைதானம் நினைவுக்கு வந்தது. மூன்றாவதாக வந்தவன் லண்டன் விதியைப் படித்திருக்கமாட்டான். ஆனால் அவன் சொன்னது அதேதான்.

விதி போன பிறகு நடந்ததைப் பாருங்கள். 1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தூத்துக்குடி பனிமய மாதா கோயில் வாசலில் புறப்பட்டு திருச்செந்தூர் சண்முக விலாசத்தில் முடிப்பது. பாதி வழிக்குச் சற்று மேலே ஆத்தூர் பாலம். அந்த ஓட்டத்தில் வென்ற ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். நேரம் 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. கணக்கு 42.195 ஆனது 1908 லண்டனில். வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்த தூரம் அது. ராஜாவுக்காக, திருச்செந்தூரில் நிற்க வேண்டியவன் ஆலந்தலைப் பக்கம் வரை ஓட வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக் கதை 1919-ல் பூனாவில் தொடங்குகிறது. டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளுக்குத் தலைவராக இருந்தவர் சர் தொராப்ஜி டாடா. வந்திருந்த ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் விவசாயிகள். பயிற்சியாளர் இல்லை, விதிகள் தெரியாது, காலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நீண்ட தூர ஓட்டங்களில் அவர்கள் எடுத்த நேரம் ஐரோப்பியர் நேரத்துக்கு அருகில் இருப்பதை டாடா கவனித்தார். இவர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பினால் என்ன என்று அங்கே வந்திருந்த பம்பாய் கவர்னரிடம் கேட்டார். பிறகு நடந்த கமிட்டிக் கூட்டத்தில், நூறு மீட்டருக்குத் தகுதி நேரம் என்ன என்று கேட்டதற்கு ஒருவர் "ஒன்றிரண்டு நிமிடம் இருக்கலாம்" என்றாராம். நிமிடக் கணக்கு இல்லை ஐயா, விநாடிக் கணக்கு என்று சொல்ல வேண்டியிருந்ததாம். அந்த நிலையில்தான் நாம் தொடங்கினோம்.

1920-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சிறு குழு கப்பலேறியது. டாடா தன் கைப்பணத்தையும் போட்டார். மாரத்தான் ஓடியவர்கள் இருவர். சதாசிவ் தாத்தார் முடிக்கவில்லை. பெல்காமைச் சேர்ந்த படெப்பா சௌகுலே 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் பத்தொன்பதாவதாக வந்தார். அந்த ஆண்டுப் பாதை 42.75 கிலோமீட்டர், ஒலிம்பிக் மாரத்தான்களிலேயே நீளமானது. வெற்றி பெற்ற பின்லாந்துக்காரர் கோலெமைனனுக்கும் சௌகுலேக்கும் இடைவெளி பதினெட்டு நிமிடம்தான். நம் பாடப் புத்தகங்களில் இந்தப் பெயர் எங்கே இருக்கிறது? எனக்கு 65 வயதாகும் வரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன நம் குழுவுக்கு மேலாளரும் அவரே. கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த டிரில் மாஸ்டர்களில் பலர் அந்தக் கல்லூரி வார்ப்பு. எங்கள் டிரில் மாஸ்டரும் அப்படித்தான். அந்தச் சிரிப்பு நாளில் அவர் என்னைக் கூப்பிட்டு, "மூச்சு மூக்கு வழியா போகுது உனக்கு. விட்டுராதே" என்று மட்டும் சொன்னார். விட்டுவிட்டேன்.

பெண்களின் கதை இன்னும் பிந்தியது. 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி அதிகாரி ஒருவர் சாலையிலேயே அவரைப் பிடித்து இழுத்து, எண் அட்டையைக் கிழிக்கப் பார்த்தார். அங்கே பெண்களை முறைப்படி சேர்த்தது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல். என் தங்கை என்னைவிட வேகமாக ஓடுவாள். அவளை ஓடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இன்றைக்கு நீண்ட தூர ஓட்டம் என்றால் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சொல்கிறார்கள். 2016 தெற்காசியப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய சூர்யா அந்த மாவட்டம். 2017 புவனேசுவரம் ஆசியப் போட்டியில் அதே இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணனும் அந்த மாவட்டம். வயதான பெண்களுக்கு ஆள் வேண்டும் என்றால் முல்லைத்தீவு அகிலத்திருநாயகி இருக்கிறார். 2023-ல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளத்தில், எழுபதைத் தாண்டிய வயதில் தங்கம் வாங்கி வந்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் சர்க்கரை 240 காட்டியது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தேன். ஒருநாள் விடியற்காலையில் ஆற்றுப் பாலத்தில் முக்காணிப் பக்கமிருந்து நல்ல காற்று அடித்தது. என்னையறியாமல் நாலு எட்டு ஓடிவிட்டேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பால்காரர் ஒருவர்தான். அவர் சிரிக்கவில்லை.

பிறகு செய்தது எல்லாம் தப்பு. முதல் மாதமே தினம் ஆறு கிலோமீட்டர். ஐந்தாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி. மூன்று வாரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் ஒழுங்கு பிடிபட்டது. இரண்டு கம்பத்துக்கு ஓட்டம், ஒரு கம்பத்துக்கு நடை. வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓட்டம். கூட ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகம் போதும். பேச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பயமுறுத்தாதவர்கள் தெருவில் இல்லை. அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிடக் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே மூட்டில் கோளாறு உள்ளவர்களும் நெஞ்சுவலிக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

2004-ல் சாலை விபத்தில் மூட்டு நொறுங்கிய மா. சுப்பிரமணியன், பிறகு நூறு அரை மாரத்தான்களைத் தாண்டி ஓடியவர். 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சரும் ஆனார். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்த விஷயத்தில் அவருக்கு என் வணக்கம்.

கொடிக்கால் பக்கம் ஓடுவது எனக்குப் பிடிக்கும். நம் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே ஆறு பெருகி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. நானும் இரண்டு மாதம் ஓடவில்லை. சேறு அள்ளுவதே பயிற்சியாகிவிட்டது.

திருச்செந்தூர் சாலையில் மட்டும் இருட்டில் ஓடாதீர்கள். பஞ்சாபின் ஃபௌஜா சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 89 வயதில், 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர். 2011-ல் டொரன்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? ஹெட்மாஸ்டர் வாயில் வந்த தேதிதானே நம் பிறந்த தேதி! என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். அந்த மனிதர் 2025 ஜூலையில், தன் கிராமத்துப் பக்கம் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார். கண்டங்கள் கடந்து ஓடியவருக்கு வீட்டு வாசல் ரோடு எமனாகிவிட்டது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள்.

போன தை மாதம் தூத்துக்குடியில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். கட்டணம் 400 ரூபாய். ஆரோவில்லில் 2008-லிருந்து பரிசே இல்லாமல் மாரத்தான் நடத்துகிறார்கள். இங்கே பரிசு உண்டு, எனக்குக் கிடைக்கும் என்ற பயம்தான் இல்லை. ரோச் பூங்கா பக்கம் கடற்கரைச் சாலையில் போகும்போது ஏழாவது கிலோமீட்டரில் கால் கனத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், துப்பட்டாவை இறுக்கிக் கட்டிய பெண்கள், எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் உறைத்தது: இந்தத் தூரத்தை அய்யா ஞாயிறு தவிர எல்லா நாளும், தோளில் பையோடு, மணலில் போய் வந்தார். யாரும் கைதட்டவில்லை. நானும் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்ததில்லை. கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று பின்பக்கம் போய் நிற்பேன். ஒரு மணி 31 நிமிடத்தில் முடித்தேன். எனக்குப் பின்னால் பதினொரு பேர்.

கழுத்தில் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு 87 வயது. பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு தந்தாவ?" என்று கேட்டாள்.

"தரலை அம்மா. நான்தான் 400 ரூபாய் கட்டினேன்."

அம்மா பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "உங்கய்யா ஓடுனதுக்கு சர்க்காரு சம்பளம் குடுத்துச்சு. நீ துட்டு கட்டியாக்கும்ல ஓடுத?"