யாரை நிறுத்துவது? பள்ளி வாசல் சாலைக் காவலின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் ஏற்பாடு எப்படி வந்தது என்று எழுதப் புகும் எவரும் இன்று பீட்டர் நார்ட்டனைச் சந்திக்காமல் நகர முடியாது. எம்.ஐ.டி. அச்சகம் 2008-இல் வெளியிட்ட ‘ஃபைட்டிங் டிராஃபிக்’ நூலில் அவர் நிறுவுவது இது: 1920 வாக்கில்கூட அமெரிக்க நகரத் தெரு நடப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் விளையாடும் பிள்ளைக்கும் உரியதாக இருந்தது, கார்தான் அங்கே வேண்டாத விருந்தாளி. 1930-க்குள் தெரு காருக்குச் சொந்தமாகி, நடப்பவர் அத்துமீறுபவர் ஆகிவிட்டார். இது தானாக நடந்த மாற்றமில்லை. கார் உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்கள், மோட்டார் கிளப்புகள் சேர்ந்த கூட்டணி ஒன்று பாடுபட்டுச் சாதித்தது. இந்த அடிப்படை வாதத்தில் எனக்கு வேறுபாடு இல்லை. அதன் ஒரு கிளை பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது, அங்கேதான் முரண்படுகிறேன்.

நார்ட்டன் தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் காரில் அடிபட்டு இறந்த பிள்ளைகளுக்காக ஊரே கூடித் துக்கம் கொண்டாடியது. 1922-இல் பால்டிமோர் நகரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1923-இல் சின்சினாட்டியில், மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி ஒவ்வொரு காரிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று 42,000 பேர் கையெழுத்திட்டு, அது வாக்கெடுப்பு வரை போனது. மோட்டார் தரப்பு திரண்டெழுந்து அதைத் தோற்கடித்தது. அந்த அச்சத்திலிருந்துதான் கூட்டணியின் புது உத்தி பிறந்தது என்கிறார் நார்ட்டன். காரின் வேகத்தைப் பேசாதே, நடப்பவரின் கவனக்குறைவைப் பேசு. தெருவைக் கண்ட இடத்தில் கடப்பவரைக் குறித்த ‘ஜேவாக்கர்’ என்ற வசைச்சொல் சட்டச் சொல்லாக உயர்ந்தது இந்த உத்தியால்தான். பள்ளிக்கூடங்களில் சாலைப் பாதுகாப்புப் பாடத்துக்கு மோட்டார் கிளப்புகள் பணமும் சுவரொட்டியும் அனுப்பியதும் இதே உத்தியின் நீட்சி.

அவர் காட்டும் சான்றுகளில் ஒன்றை மறக்க முடியாது. 1925-இல் டெட்ராய்ட்டில் சில நூறு பள்ளிப் பிள்ளைகள் முன்னிலையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மேல் போலி வழக்கு நடந்தது. குற்றம், தெருவைக் கண்ட இடத்தில் கடந்தது. நடுவர் குழுவும் பிள்ளைகளே. தண்டனை, ஒரு வாரம் வகுப்புக் கரும்பலகைகளைக் கழுவுவது. குற்றம் சாட்டப்பட்டவனும் நடுவர்களும் பிள்ளைகளாகவே இருந்த அந்த நாடகத்தில் கார் ஓட்டியவருக்கு வேடமே இல்லை. இதைப் படித்தபின் பள்ளிப் பாதுகாப்புக் கல்வி முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றுவது இயல்புதான்.

மாணவர் சாலைக் காவல் அணியும் இந்தச் சந்தேகக் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறது. குறுக்கே வெள்ளை வார் அணிந்த மூத்த மாணவர்கள் தெருமுனையில் நின்று இளையவர்களைக் கடக்கச் செய்யும் அணி அது. அமெரிக்க மோட்டார் சங்கம் அதன் பிறப்பை 1920-இல் வைக்கிறது. சிகாகோ மோட்டார் கிளப்பின் தலைவர் சார்லஸ் ஹேய்ஸ் ஒரு விபத்தில் பிள்ளைகள் இறந்ததைக் கண்டு தொடங்கினார் என்பது சங்கத்தின் வரலாறு. தந்தை மோட்டார் கிளப் என்றால் பிள்ளையும் மோட்டார் பிள்ளைதானே என்று முடித்துவிடலாம். நார்ட்டன் அப்படி ஒரே வரியில் முடிக்கவில்லை. அவரைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள்; அவருடைய வாதத்தின் சரிவும் அந்தப் பக்கம்தான்.

என் முதல் தடை, பிறப்புச் சான்றிதழே ஐயத்துக்குரியது என்பது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் வேறொரு தொடக்கத்தைச் சொல்கிறது. அங்கே கதீட்ரல் பள்ளியின் தலைமையாசிரியை, கன்னியாஸ்திரி கார்மேலா ஹாங்கி, 1921 பிப்ரவரியில் காவல்துறை ஒப்புதலோடு தம் மாணவர்களைத் தெருவில் நிறுத்தினார். சிகாகோவின் 1920-ஆ, செயின்ட் பாலின் 1921-ஆ என்ற போட்டியை ஆண்டைக் கொண்டு தீர்க்க இயலாது. இரண்டும் ஆண்டுவிழா மலர்கள் வழியாக, தத்தம் அமைப்பின் பெருமையைச் சொல்ல வந்தவர்கள் வழியாக நமக்கு வந்தவை. முறைசாராத முயற்சிகள் இவற்றுக்கு முன்பும் இருந்திருக்கக் கூடும். ஆனால் யார் முந்தியவர் என்பது இங்கே முக்கியமில்லை. ஏறத்தாழ ஒரே நேரத்தில், கார் விற்பனையில் எந்தப் பங்குமில்லாத ஒரு கன்னியர் மடப் பள்ளியும் இதே கருவியைக் கையில் எடுத்திருக்கிறது என்பதே முக்கியம். சான்று மெலிதுதான். ஆனாலும் அழுத்திச் சொல்கிறேன்: பின்னாளில் மோட்டார் சங்கம் இந்த அணிகளையெல்லாம் தன் குடைக்கீழ்க் கொண்டுவந்து, வாரும் பட்டையும் வழங்கி, விதிமுறையும் எழுதித் தந்தது, அந்தக் குடையைப் பார்த்துவிட்டு விதையும் அதன் தோட்டத்தில்தான் விழுந்தது என்று முடிவுகட்டுவது வரலாற்று முறையல்ல.

இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. அமெரிக்க அணியின் விதிகளில் ஒன்று நீண்ட காலமாக அசையாமல் நிற்கிறது. காவல் மாணவர் போக்குவரத்தை நெறிப்படுத்தக் கூடாது. பிள்ளைகளைத்தான் நெறிப்படுத்த வேண்டும். கைகளை விரித்து நடைபாதை ஓரத்தில் பிள்ளைகளைத் தடுத்து வைத்து, வண்டிகளுக்கிடையே இடைவெளி கிடைத்ததும் விட வேண்டும். நார்ட்டன் வழியில் இதைப் படித்தால், தெருவின் உரிமையைக் காருக்கு எழுதிக் கொடுத்த சாசனம். வேறு விதமாகவும் படிக்க முடியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பாய்ந்து வரும் லாரிக்கு முன் கைகாட்டி நிற்கச் சொல்ல எந்தப் பள்ளி நிர்வாகம் துணியும்? விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது? இரு நோக்கங்களும் ஒரே விதியில் குடியிருக்கலாம். விதியை மட்டும் வைத்துக்கொண்டு எது மூத்தது என்று சொல்வதற்கில்லை.

ஆகவே ஏற்பாட்டின் தந்தை யார் என்பதை விட்டுவிட்டு, அது யாரை நிறுத்துகிறது என்று கேட்கலாம் என்பது என் பரிந்துரை. இந்தக் கேள்வியோடு 1953-ஆம் ஆண்டைப் பார்த்தால் ஒரு நல்ல சோதனைக்களம் கிடைக்கிறது. அந்த ஆண்டில்தான் மேற்கு ஜெர்மனி, போக்குவரத்து அமைச்சர் ஸீபோம் காலத்தில், அமெரிக்க முன்மாதிரியைப் பின்பற்றி ‘ஷூலர்லோட்சன்’ என்ற மாணவர் அணியைத் தொடங்கியது. காவல்துறை அதிகாரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. இடைவெளி பார்த்துக் கடக்கச் செய்பவர்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பள்ளிக் கடப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. நடைமுறை அதற்கு முன்பே இருந்தது. பாத் நகரில் 1937-இலேயே ஒரு பெண்மணி இப்பணியில் அமர்த்தப்பட்டதாகச் சொல்வதுண்டு. சட்டம் புதிதாகத் தந்தது அதிகாரம். அங்கே சாலையில் நின்றவர்கள் பெரியவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள். பின்னாளில் ‘லாலிபாப் லேடி’ என்று செல்லப்பெயர் பெற்ற அவர்கள் கையிலிருந்த பலகை முதலில் வட்டமாக இல்லை, செவ்வகம். அதை உயர்த்திப் பிடித்தால் ஓட்டுநர் நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் குற்றம். பிரிட்டனில் மோட்டார் சங்கங்களுக்குச் செல்வாக்குக் குறைவில்லை. இருந்தும் அங்கே நிறுத்தப்பட்டது கார்.

இந்த அதிகாரத்தின் வாசகத்தை நெருங்கிப் படிக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவாக அது ஒருங்கிணைக்கப்பட்ட வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்துக்கு அதில் நான்கு பூட்டுகள். நேரம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் இடையே இருக்க வேண்டும். கடப்பவர்கள் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்களாகவோ, பள்ளியிலிருந்து வருகிறவர்களாகவோ, பள்ளியின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களாகவோ இருக்க வேண்டும். நிறுத்துபவர் அங்கீகரிக்கப்பட்ட சீருடையில், விதித்த பலகையோடு நிற்க வேண்டும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடக்கும் தாய் இதில் இல்லை. ஆறு மணிக்கு விளையாடிவிட்டு வீடு திரும்பும் அதே பையன், அதே தெரு, அதே கார். ஆனால் அவனுக்கு இந்தப் பிரிவு இல்லை.

இதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவை யாரும் அதிகம் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுவே இந்தக் கட்டுரையின் உயிர். உரிய பலகை காட்டப்பட்டது, பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தார்கள் என்று நிரூபிக்கப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருகிறவர்கள் என்றே அனுமானிக்க வேண்டும் என்கிறது அது. இப்படி ஓர் அனுமானத்தை எழுதிவைக்கச் சட்ட வரைவாளருக்கு ஏன் தேவைப்பட்டது? அது இல்லாவிட்டால் கூண்டில் நிற்கும் ஓட்டுநர், ‘அந்தப் பையன் மிட்டாய் வாங்கத்தான் போனான், பள்ளிக்கு அல்ல’ என்று வாதாடலாம். தான் போட்ட மூன்றாவது பூட்டு அபத்தத்துக்கு இட்டுச்செல்லும் என்பது வரைவாளருக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டை எடுக்க மனமில்லாமல் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.

2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இந்த வாசகத்தை மாற்றியது. எட்டு மணியும் ஐந்தரையும் போயின. பள்ளிக்குப் போகும் வழி என்ற நிபந்தனை போயிற்று, கூடவே அந்த அனுமானமும். பிள்ளைகள் இருந்த இடத்தில் சாலையைக் கடக்கும் எந்த ஆளும் வந்துவிட்டார். இரண்டு பாடங்களையும் அருகருகே வைத்தால், அரை நூற்றாண்டுப் பயணம் தெரிகிறது. தொடக்கத்தில் காக்கப்பட்டது பிள்ளை அல்ல, பள்ளிக்குப் போகும் நிலையில் உள்ள பிள்ளை. பள்ளி வாசலில் பள்ளி நேரத்தில் மட்டும் தெரு நடப்பவரிடம் திரும்பியது. மணி அடித்ததும் காருக்குப் போய்விட்டது.

இங்கே நார்ட்டனுக்கு நான் பாதி வழி இறங்கி வர வேண்டியிருக்கிறது. காவல் ஏற்பாடு பிள்ளையின் மேல் சுமையைத் தள்ளும் சூழ்ச்சி என்ற வாசிப்பு பிரிட்டனில் நிற்காது. ஆனால் தெரு இயல்பில் காருக்குரியது, விதிவிலக்காகச் சில மணி நேரம் திருப்பிக் கேட்கப்படுகிறது என்ற அவருடைய பெரிய வாதத்தை 28-ஆம் பிரிவின் பழைய வாசகம் அவரே எதிர்பார்த்திராத வகையில் உறுதி செய்கிறது. அணியைப் பற்றி அவர் தவறு, தெருவைப் பற்றிச் சரி. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்ட நான் முயலவில்லை.

நெதர்லாந்தைத் தொட்டுச் சென்றால் போதும். மகளைச் சாலை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ இயக்கம் எழுந்தது என்பார்கள். அதே வேளையில் டெல்ஃப்ட் நகரப் பொறியாளர்கள் 1960-களின் இறுதியிலிருந்தே குடியிருப்புத் தெருக்களின் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். 1976-இல் அவ்வகைத் தெருவுக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. அங்கே பலகையும் ஆளும் இல்லாமலே, தெருவின் அமைப்பே காரை மெதுவாக்கியது. இயக்கத்தால் தெரு மாறியதா, தெரு மாறியதால் இயக்கம் வென்றதா என்ற விவாதத்துக்கு இது இடமில்லை.

இந்தக் கேள்வி நம் ஊருக்குள் வரும்போது வேறு முகம் காட்டுகிறது. இந்தியாவில் பள்ளிச் சாலைப் பாதுகாப்பு என்றால் நீதிமன்றமும் அரசும் முதலில் பார்த்தது பேருந்தை. 1997 நவம்பரில் டெல்லி வஜிராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தபின், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு 40 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டுநரும் வேண்டும் என்றது. 2012 ஜூலையில் சென்னை சேலையூர் அருகே பேருந்தின் தரை ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தபின், தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. உதவியாளர் ஒருவர் பேருந்தில் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. சின்சினாட்டி கார்களுக்குக் கிடைக்காத கருவி நம் பள்ளிப் பேருந்துகளுக்குக் கிடைத்துவிட்டது. பள்ளி வாசலைக் கடந்து போகும் சொந்தக் கார்களுக்கு அது கட்டாயமாகவில்லை.

வாசலில் நிற்பவர்கள் ஆர்.எஸ்.பி. எனப்படும் சாலைப் பாதுகாப்பு அணி மாணவர்களும், கையில் விசிலோடு பள்ளிக் காவலாளியும், சில இடங்களில் போக்குவரத்துக் காவலரும். இவர்களில் யாருக்காக வண்டி நின்றாக வேண்டும்? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆம் பிரிவைக் கேட்டால், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவல் அதிகாரியின் கட்டளைக்கு ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அதோடு அமெரிக்க, ஜெர்மானிய வழி இங்கேயும் வந்துவிட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் மறு ஆண்டே, 1989-இல் வந்து 2017 வரை நடைமுறையில் இருந்த சாலை நெறிமுறைகளின் வாசகம் அகலமாக இருந்தது. காவல் அதிகாரியோடு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பிலுள்ள அதிகாரம் பெற்ற ஆளையும் அது சேர்த்துக்கொண்டது. சட்டத்தில் ஒருவர், நெறிமுறையில் இருவர். அந்த இரண்டாம் ஆள் பள்ளி வாசல் காவலாளியாக இருக்கலாமா, ஆர்.எஸ்.பி. மாணவராக இருக்கலாமா, அதிகாரத்தை அளிப்பவர் மாநகரக் காவல் ஆணையரா, பள்ளியா என்பதற்கு அந்த வரியில் விடை இருக்கவில்லை. கதவு சாத்தப்பட்டிருந்ததாக 119-ஆம் பிரிவை மட்டும் படித்தவர்கள் சொல்வார்கள். தாழ்ப்பாள் போடப்படவில்லை என்பதே என் வாசிப்பு. 1953-இல் பிரிட்டன் தனிச் சட்டம் போட்டுப் பெற்ற அதிகாரத்தை இங்கே ஓர் ஆணையின் வழியே வழங்க அந்த வாசகம் இடம்தந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது வாதம் மட்டுமே.