கைநாட்டும் கள்ள முத்திரையும்

பழைய சார்பதிவாளர் அலுவலகங்களின் தாழ்வாரச் சுவரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பத்திரத்தில் பெருவிரலைப் பதித்துவிட்டு வெளியே வருகிறவர்கள், விரலில் ஒட்டிய மையைச் சுவரிலேயே தேய்த்துவிட்டுப் போவார்கள். இடுப்பளவு உயரத்தில் அந்தச் சுவர் கறுத்துக் கிடக்கும். நிலத்தையும் வீட்டையும் யாருக்கு எழுதிக் கொடுத்தோம் என்பதற்குச் சாட்சியான அதே ரேகையைச் சுவருக்கும் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம் பாட்டன்மார்.

சேலம், நாமக்கல் சமவெளியில் குடியானவனின் பெயர் சர்க்கார் காகிதத்தில் அழுத்தமாக ஏறத் தொடங்கிய காலம் ஒன்றுண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் கும்பினியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலம் அளந்து, உழுகிறவனோடு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையை உருவாக்கினர். இன்னார் நிலம் இது என்பதற்கு ஊரே சாட்சியாயிருந்த நிலை மெல்ல மாறிக் காகிதமே சாட்சியாயிற்று. காகிதத்திலுள்ள பெயர் யாருடையது என்பதை ஊரறியாத ஓர் அதிகாரி தீர்மானிக்கத் தொடங்கியதும், பெயரைத் திருடினால் நிலத்தைத் திருடலாம் என்ற வழியும் திறந்தது.

இந்தக் கவலை புதியதன்று. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் அரசர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டது. வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. முஹம்மது, ரசூல், அல்லாஹ் என்ற மூன்று சொற்களும் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டன. இவ்வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்று அண்ணலார் தடுத்ததையும் புகாரீயில் காண்கிறோம். அன்பின் மிகுதியால்கூட அதைப் பிறர் பொறித்துக்கொள்ள இடம் தரவில்லை. இருவரிடம் இருக்கும் முத்திரை எவருடைய முத்திரையும் அன்று.

அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோர் கைகளில் இருந்துவந்த அம்மோதிரம், உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடினர், நீரையெல்லாம் இறைத்துப் பார்த்தனர், கிடைக்கவில்லை. பின்னர் வேறொரு மோதிரம் செய்து அதே வாசகத்தைப் பொறித்துக்கொண்டனர் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. தொலைந்த முத்திரைக்கு மாற்று முத்திரை செய்ய முடிந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முஆவியா (ரலி) காலத்தில் நடந்தது வேறு வகை. நூறாயிரம் திர்ஹம் கொடுக்கும்படி எழுதிய மடலை, கொண்டு சென்றவர் வழியில் பிரித்து இருநூறாயிரம் என்று திருத்திவிட்டார். கணக்குப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே மடலைக் கட்டி முத்திரையிட ‘தீவானுல் காதம்’ என்னும் தனி இலாகா அமைந்தது என்று இப்னு கல்தூன் எழுதுகிறார்.

கலீபாக்களுக்கு மோதிரம் இருந்தது. எழுத்தறியாத ஏழைக்கு விரல் மட்டுமே இருந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையைப் பத்திரத்தின் பின்புறம் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாறிவிடக்கூடாது என்ற எண்ணமே காரணம். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் அவர் விரலடையாளம் வாங்கத் தொடங்கினார். மாண்டவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்கிச் செல்வதைத் தடுப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ரேகை குவிந்தால் மட்டும் போதுமா? ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அதற்கு விடை கண்டவர் நம் சமுதாயத்தில் பலர் அறியாத ஒருவர். குல்னா மாவட்டத்தில் பிறந்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்ற காஜி அஸீஸுல் ஹக், வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றினார். பத்து விரல்களின் சுழிகளுக்கு எண் கொடுத்து, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டாக 1024 அறைகளில் ரேகைத் தாள்களைப் பிரித்து வைக்கும் முறையை அவர் வகுத்தார். உடனுழைத்தவர் ஹேமச்சந்திர போஸ். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தோன்றியது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்துயார்டிலும் அந்த முறை புகுந்தது. ஆனால் உலகம் அதற்கு இட்ட பெயர் ‘ஹென்றி முறை’. அஸீஸுல் ஹக்குக்குப் பின்னர் கான்பகதூர் பட்டமும் 5,000 ரூபாயும் கிடைத்தன. 1935இல் மோத்திஹாரியில் காலமானார். பிறர் பெயர் திருடப்படாமலிருக்க வழி கண்டவரின் பெயரையே எடுத்துவிட்டார்கள் என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவது?

விரல் நுனிகளையும் சீராக்க வல்லவன் இறைவன் என்னும் கியாமா அத்தியாயத்தின் வசனத்தை இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர்கள் ஓதுவதுண்டு. அதில் விஞ்ஞானத்தை ஏற்றிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு விரலும் தனியாகப் படைக்கப்பட்டது என்ற வியப்பே போதும்.

காக்க வந்த ரேகையே கட்டவும் பயன்பட்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, குற்றமே செய்யாதவர்களும் பிறந்த குலத்துக்காகக் கைரேகை கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர் அக்காலத்தின் வடுவாக நிற்கிறது. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்.

ஆதார் ஆணையம் 2009இல் அமைந்த பிறகு, விரல் வெறும் சாட்சியாக இல்லாமல் பணப்பெட்டியின் சாவியாகவும் ஆகிவிட்டது. 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒருவர் பிடிபட்டார். பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து கிரயப் பத்திரங்களை இறக்கி, அவற்றிலிருந்த கைநாட்டுகளைப் பார்த்து ரப்பர் போன்ற பொருளில் விரல் அச்சுகள் செய்து, பிறர் பெயரில் சிம் அட்டைகளை உயிர்ப்பித்தவர் அவர். தாழ்வாரச் சுவர் கணினிக்குள் வந்துவிட்டது என்பதே இதன் பொருள். மோதிரம் கிணற்றில் விழுந்தால் வேறு மோதிரம் செய்யலாம். ரேகை களவு போனால் வேறு விரல் செய்ய இயலாது.

ஆகவே அதைப் பூட்டி வைப்பதுதான் வழி. ஆதார் ஆணையமே தன் செயலியிலும் இணையதளத்திலும் விரல்ரேகையைப் பூட்டவும், வேண்டியபோது திறக்கவும் இடம் தந்திருக்கிறது. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதார் நகலையும் அங்கேயே பெறலாம். நகல் கொடுக்க நேர்ந்தால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாத முத்திரைத்தாளில் கைநாட்டு வைப்பது, எவ்வளவு நெருங்கிய உறவு கேட்டாலும், கூடாது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்டது, வெற்றுத்தாள் எழுத்தாகாது. வீடு, நிலம் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கட்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பிறர் அடையாளத்தைக் களவாடுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் நாமக்கல் லாரியிலும் ஆண்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய்விட, வீட்டில் இருப்பவர்கள் வயதான தாய்மார்கள். பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் நூலோடு உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. ‘பதியலேம்மா, இன்னொருக்கா வைங்க’ என்பார் கருவி வைத்திருப்பவர். அந்த அம்மாவும் மூன்று முறை, நான்கு முறை வைப்பார். ஒவ்வொரு முறைக்கும் ரசீது கேட்க வேண்டும், பதியவில்லை என்று கருவி சொன்ன ரசீதும் உட்பட. அதைக் கேட்கும்படி, அடுத்த முறை தொலைபேசியில் அழைக்கும்போது மகன் தன் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.