இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர்

எங்கள் தலைமுறை ஜெனரேட்டரை முதலில் பார்த்தது டூரிங் டாக்கீஸில்தான். கொட்டகைக்குப் பின்னால் ஆயில் இன்ஜின் ஓடினால்தான் திரையில் படம் ஓடும். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்து ஊர்கள். பிறகு மைக்செட்காரர்கள் கல்யாணத்துக்கும் தேருக்கும் ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்தார்கள். அதற்குத் தனி ஒயர், தனி டியூப்லைட். ஈ.பி. லைனோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் கம்பத்தில் ஏறுகிறவருக்கு அதனால் பயமில்லை.

அந்த ஜெனரேட்டர் வீட்டு ஒயரிங்குக்குள் நுழைந்தது மின்வெட்டுக் காலத்தில். 2008-இல் தொடங்கிய வெட்டு 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் நம் பக்கம் 12 மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். தேவை ஏறிய வேகத்துக்குப் புது மின் நிலையங்கள் வரவில்லை. கூடங்குளம் முதல் உலை மின்சாரம் கொடுக்கத் தொடங்கியதே 2013 அக்டோபரில். தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது அந்த ஆண்டு டிசம்பர் 31-இல். அதுவரை வசதி உள்ளவர் இன்வெர்ட்டர் வாங்கினார், மற்றவர் வாடகைக்கோ இரவலுக்கோ ஜெனரேட்டர் தேடினார்.

நானும் தேடினேன். 2012 மழைக்காலம். பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறைய உறவினர். முதல் நாள் இரவு காற்றில் தெருக் கம்பி அறுந்துவிட்டது. உறவினர் ஒருவரின் சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்தேன். அதிலிருந்து வீட்டு பிளக்கில் செருக, இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் ஒன்று. அப்போது பல வீடுகளில் அதுதான் வழக்கம். மெயினை இறக்கிவிட்டுத்தான் செருக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைய அமளியில் மறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு அக்கா, "கரண்ட் வந்துடுச்சு போல, ஆனா பல்பு மங்கலா எரியுது" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிவிட்டு எங்கள் கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன், கம்பியைத் தொடுமுன் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். எரிந்திருக்கிறது. இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். என் மகன் வயதுகூட இருக்காது.

"சார், மெயினை இறக்குனீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே உள்ளே போய் இறக்கினார். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நடந்தது இதுதான். என் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மெயின் வழியாக வெளியேறி, அறுந்த கம்பியின் எங்கள் பக்கத்துக்கு உயிர் கொடுத்துவிட்டது. கம்பி அறுபடாமல், பீஸும் பிடுங்கப்படாமல் இருந்தால் இன்னும் மோசம். டிரான்ஸ்பார்மருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்குகிற அதுவே, கீழிருந்து கொடுத்தால் 11,000 ஆக ஏற்றிவிடும். போதாததற்கு, அந்த ஒயரின் ஒரு முனை தவறிக் கழன்றால் கையில் இருப்பது கரண்ட் உள்ள பின்.

அடுத்த வாரமே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டேன். கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஈ.பி., மறுபக்கம் சாய்ந்தால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றும். இரண்டு மின்சாரமும் ஒருநாளும் சந்திக்காது. மறதிக்காரனுக்கும் அது காவல். ஜெனரேட்டருக்குத் தனி எர்த்தும் போட்டோம். புகையில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு இருப்பதால் அதை வீட்டுக்குள் வைப்பதில்லை.

2018 நவம்பரில் கஜா புயலில் லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் டெல்டாவுக்குப் போனார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டிவியில் அவர்கள் கம்பம் ஏறுவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தத் தம்பிதான் நினைவுக்கு வந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் இன்னும் கிடக்கிறதா? இன்றே எடுத்து ஒரு பின்னை வெட்டிவிடுங்கள்.