காலடியில் ஒரு ரப்பர்க் கிண்ணம்

மோட்டார் வண்டி ஓடுவதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அது நிற்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஏற்காட்டு மலைப்பாதையில் என் வண்டி ஒரு தடவை நிற்க மறுத்திராவிட்டால் எனக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

வண்டி ஒரு பழைய மாரிஸ் மைனர். 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜாதி. நம் நாட்டிலும் 1950-களில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இதைச் செய்து விற்றார்கள். எறும்பு போல ஊர்ந்தாலும் மலை ஏறிவிடும். இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பின் ஸீட்டில் மனைவியும் மகளும். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி எதிர்த்து நிற்கவில்லை. ஈரமணலில் கால் வைத்தாற்போல் மெல்ல மெல்ல அமிழ்ந்து தரையைத் தொட்டது. காலை எடுத்து இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவதில் கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கை இழுத்து மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன்.

"ஏம்ப்பா இங்கே நிறுத்திட்டே?" என்றாள் மகள்.

"காட்சி நல்லா இருக்கேன்னு" என்றேன்.

மனைவி காட்சியைப் பார்க்கவில்லை. சக்கரத்தின்மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, காலடிக் கம்பளத்தைத் தூக்கினேன். மாரிஸ் மைனரில் பிரேக்கின் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள். கையகலத்து இரும்புக் குழல், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்கு முன்னால் ஒரு ரப்பர்க் கிண்ணம். மிதிக்கும்போது கிண்ணம் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஓடிப் பிரேக்குகளை விரிக்கிறது. என் வண்டியில் அந்தக் கிண்ணம் உப்பி, உருக்குலைந்து, ஓரமெல்லாம் நைந்திருந்தது. முன்பு ஒரு பட்டறையில் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறிப் பருத்துவிடும். மூன்று உயிர்கள் ஒரு சிறு கிண்ணத்தை நம்பி மலையிறங்கியிருக்கின்றன என்று தெரிந்தபோது, அந்தக் கிண்ணத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஆரம்பிக்கிறது. அடைத்துவைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று கண்டவர் பிளேய்ஸ் பாஸ்கல். 1662-ல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் காலமாகிவிட்டார். விஷயத்தை விளக்கிய நூல் மறு வருஷம்தான் அச்சாயிற்று. ஒரு சதுர அங்குலப் பிஸ்டனை 100 ராத்தல் பலத்தோடு தள்ளினால், மறுகோடியில் உள்ள இரண்டு சதுர அங்குலப் பிஸ்டன் 200 ராத்தல் பலத்தோடு நகரும். நகரும் தூரம் மட்டும் பாதியாகும். காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

காரியத்தில் வந்த சங்கடம் ஒழுகல். 1795-ல் லண்டனில் ஜோஸப் பிராமா என்ற பூட்டு நிபுணர் தண்ணீரின் அழுத்தத்தால் வேலை செய்யும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். யந்திரம் அபாரமானதுதான், ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகராது. தளர்த்தினால் ஒழுகும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி என்ற வாலிபர்தான் இதற்கு வழி கண்டவர் என்று சொல்வார்கள். பிஸ்டனைச் சுற்றி ஒரு தோல் வளையம், உதடு மடிந்த கிண்ணம் மாதிரி. தண்ணீரின் அழுத்தமே அந்த உதட்டைச் சுவரோடு தள்ளி ஒட்டவைக்கும். அழுத்தம் கூடினால் பிடிப்பும் கூடும். அழுத்தம் நீங்கினால் தானே தளரும். எதிராளியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்ளும் தந்திரம். என் காலடியில் நைந்து கிடந்த ரப்பர்க் கிண்ணம் இந்தத் தோல் வளையத்தின் வம்சம்தான்.

மோட்டார் வண்டிகள் வந்த பிறகும் வெகுநாள் வரையில் பிரேக்குக்குக் கம்பியும் கழியுமே கதியாயிருந்தன. நாலு சக்கரத்துக்கும் நாலு கழி. ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திரவத்துக்கு இந்தப் பாரபட்சம் கிடையாது. 1917-ல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் திரவ பிரேக்குக்கு உரிமை வாங்கினார். குடும்பப் பெயரின் எழுத்து வேறு மாதிரி இருந்ததால் ஊரார் தப்பாகவே உச்சரித்து வந்தார்கள். பிறகு உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். விமானத் தொழிலில் பெயர் பெற்ற லாக்ஹீட் இவருடைய சகோதரர்.

1921-ல் பிரான்ஸில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் திரவ பிரேக் பூட்டிய ட்யூஸன்பர்க் வண்டி ஜயித்தது. அதே வருஷம் அந்தக் கம்பெனி விற்பனைக்கு விட்ட காரிலும் நான்கு சக்கரத்துக்கும் அதே பிரேக்தான். ஆனால் லாக்ஹீடின் கிண்ணங்கள் பதனிடாத தோலால் ஆனவை, ஒழுகின. கிரைஸ்லரின் எஞ்சினீயர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பரை வைத்து, 1924-ல் தங்கள் முதல் காரில் பூட்டினார்கள். 1928-ல் மலிவு விலைப் பிளிமத்திலும் அது வந்துவிட்டது.

அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? நம் வீட்டு விளக்கெண்ணெய்தான், சாராயச் சத்துக் கலந்தது. விளக்கெண்ணெயோடு ரப்பர் சமாதானமாக இருக்கும். பெட்ரோலிய எண்ணெயோடு இராது. இந்தப் பாடத்தை மறந்த பட்டறை என்னை ஏழாவது வளைவில் நிறுத்தியது.

எல்லோரும் திரவத்துக்கு மாறியபோது ஹென்றி ஃபோர்டு மட்டும் பிடிவாதமாக இருந்தார். அவருடைய கார்கள் 1939-ம் வருஷத்து மாடலில்தான் மாறின. கிழவரைப் பரிகாசம் செய்தவர்கள் உண்டு. எனக்கு இப்போது பரிகாசம் வரவில்லை. அன்றைக்கு மலையில் என்னைக் காப்பாற்றிய கைப்பிரேக்கில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. வெறும் கம்பி இழுத்துப் பின்சக்கரங்களைப் பிடித்தது.

ஃபோர்டின் பயத்தில் நியாயம் இருந்தது. ஒரே சிலிண்டர், ஒரே கிண்ணம் என்றால், ஒன்று போனால் நான்கும் போகும். சிலிண்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முன்சக்கரத்துக்கும் மறு பாதி பின்சக்கரத்துக்கும் என்று வைத்தால் ஒன்று ஒழுகினாலும் மற்றது நிறுத்தும். யோசித்தால் இதில் ஒரு சூக்ஷ்மமும் இல்லை. ஆனால் காடிலாக்கிலும் ராம்ப்ளரிலும் அது வழக்கமான உறுப்பாக வந்தது 1962 மாடலில்; அமெரிக்காவில் சட்டமானது 1968-ல். கிரைஸ்லரின் முதல் காரிலிருந்து எண்ணினால் 44 வருஷம். அதற்குள் எத்தனை மலைப்பாதைகளில் எத்தனை மிதிகள் அமிழ்ந்தனவோ! என் மாரிஸ் மைனர் அந்தச் சட்டத்துக்கு முந்திய பிறவி.

இத்தனையும் படித்த பிறகு வண்டியை மறுபடியும் பட்டறைக்கு அனுப்ப மனம் வரவில்லை. புது சிலிண்டர் வாங்கினேன். எஞ்சின் ஆயில் நான்கு சக்கரம்வரை போயிருக்கும் என்பதால் அங்கிருந்த கிண்ணங்களையும் மாற்றினேன். குழாய்களைச் சுத்தமாகக் கழுவினேன். மைனரில் சிலிண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளை உருவப் போனால் பக்கத்தில் ஓடும் முறுக்குக் கம்பி வழிமறிக்கும். அதோடு மல்லுக்கு நின்றதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பிஸ்டனைத் தள்ளும் கழிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் ஆயில் திரும்பும் துளையைக் கிண்ணம் மூடிக்கொள்ளும். பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

கடைசியில் ஏர் எடுக்கும் வேலை. குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் மிதி மெத்தென்று போகும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். மனைவி மிதியில் உட்கார்ந்தாள். நான் வண்டிக்கடியில் படுத்தேன். "அழுத்து", "விடு" என்று தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்துச் சக்கரம் வரையில் வந்தோம். கண்ணாடிக் குப்பியில் குமிழிகள் வந்து, குறைந்து, நின்றுபோயின.

பிறகு நான் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மகள் ஒன்றிலிருந்து நூறு வரை உரக்க எண்ணினாள். மிதி அசையவில்லை.

இப்போதும் ஏற்காட்டிலிருந்து இறங்குவதற்கு முன் வண்டியை ஓரமாக நிறுத்தி மிதியை அழுத்திப் பார்க்கிறேன். பின் ஸீட்டில் யாரும் பேசுவதில்லை. மனைவியும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.