சாவியும் துடைப்பமும்

கார் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு பெண் செய்த சுத்தம் செய்யும் வேலையைப் பெருமையோடு பதிந்து வைத்திருக்கிறார்கள். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் இரு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். அந்த ஊசிக்கு வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது.

இயந்திரத்துக்குள் சிக்கிய அழுக்கை ஒரு பெண் எடுத்தால் அது சாதனை. சீட்டுக்கு அடியில் சிக்கிய மணலை எடுத்தால் அது வீட்டு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சென்னையிலிருந்து சொல்ல முயல்கிறேன்.

1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடற்கரையோரம் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதன்பின் பல தலைமுறைகள் நடந்தும், டிராமிலும், பஸ்ஸிலும் கடல் பார்க்கப் போயின. காலில் ஒட்டிய மணலில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். மீதியை வாசலில் செம்பு நீர் விட்டுக் கழுவிவிட்டு உள்ளே போவார்கள். மணல் தங்குவதற்கென்றே நம் வீடுகளில் வாசலும் திண்ணையும் முற்றமும் இருந்தன. காருக்கு அப்படி எதுவும் கிடையாது. கதவைத் திறந்தால் நேரே உட்காரும் அறைதான்.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் குறைவு. அவர்களில் பலர் டிரைவரும் வைத்திருந்தார்கள். வண்டியை ஓட்டுவது, கழுவுவது, உள்ளே பெருக்குவது எல்லாம் சம்பளத்துக்குச் செய்யப்பட்ட ஒரே ஆளின் வேலை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். அந்தச் சிறிய கார் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தபோது டிரைவர் வரவில்லை. அவர் செய்த வேலை இரண்டாகப் பிரிந்தது. ஓட்டுவது அப்பாவுக்கு, பெருக்குவது அம்மாவுக்கு.

அதே 1983-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவனின் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூல் வெளிவந்தது. வீட்டுக்கு வந்த இயந்திரங்கள் உழைப்பைக் குறைத்தன என்ற நம்பிக்கையை அவர் கேள்வி கேட்டார். இயந்திரம் வந்ததும் வேலைக்காரரும், சாமான் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரரும் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வேலையெல்லாம் வீட்டுத் தலைவியிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் அது கார் ஓட்டும் வேலையாகவும் வந்தது. எங்கள் வீட்டில் ஓட்டுவதை விட்டுவிட்டு மற்றது மட்டும் வந்தது.

எங்களிடம் மாருதி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போவார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. “உனக்கெதுக்கு அந்தச் சிரமம்” என்று அப்பா முடித்துவிட்டார். திங்கள் காலையில் மட்டும் அம்மா கேட்பார்: “என்னங்க, சாவியை வெச்சுட்டுப் போங்க, மணல் கூட்டணும்.” அந்தச் சாவி அவர் கையில் இருந்ததை நான் பார்த்தது அந்த வேலைக்காகத்தான்.

வேலையை அவர் முறையாகச் செய்வார். ஈர மணலைத் தொடக் கூடாது. தேய்த்தால் சீட் துணிக்குள் இறங்கிவிடும். அதனால் ஓர் இரவு காய விடுவார். காலையில் ரப்பர் மேட்களை எடுத்து மதிலில் தட்டுவார். முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தைப் பழைய பெயின்ட் பிரஷால் கூட்டுவார். அங்கே மணல் தங்கினால் சீட் நறநறவென்று சிக்கும். சந்துகளுக்குப் பழைய டூத்பிரஷ். கடைசியில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. “உப்பு இருந்தா நமுத்துக்கிட்டே இருக்கும்” என்பார். கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; மேட்டுக்கு அடியில் தகடு துருப்பிடிக்கும்.

மணல் உள்ளே வராமல் தடுப்பதும் அவர் வேலைதான். நாங்கள் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்க் கேனோடும் பவுடர் டப்பாவோடும் கார் பக்கம் போய் நிற்பார். பவுடர் தூவினால் காலின் ஈரம் வற்றி மணல் உதிரும். நாங்கள் ஒவ்வொருவராக வந்து காலை நீட்டுவோம். கடற்கரையில் அவருக்குக் கிடைத்த நேரம் எங்களுடையதைவிட எப்போதும் குறைவு.

காரின் வெளிப்புறத்துக்கு வேறு கணக்கு. தெருவில் எல்லார் கண்ணிலும் படுவது அது. அதைக் கழுவ மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வாளியோடு வந்தார். உள்ளே கூட்டுவதற்குக் கூலி பேசியதில்லை. பின்னாளில் பல வீடுகளில் அது வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் போயிருப்பதைப் பார்க்கிறேன். “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று சொல்லி, சம்பளத்தைக் கூட்டாமலே போயிருக்கிறது. ஒரு பெண் சுமையை இறக்கி வைப்பது இன்னொரு பெண்ணின் தலையில் என்றால் அதையும் நாம்தான் பேச வேண்டும்.

வாக்குவம் கிளீனர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அதை வீட்டுக்கேற்ற வடிவில் 1907-இல் செய்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்பாங்லர், ஒஹையோவில் ஒரு கடைக் கட்டடத்தைப் பெருக்கிய தொழிலாளி. தூசி அவர் மூச்சை அடைத்தது. மின்விசிறி, துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஓர் இயந்திரம் செய்தார். பெருக்குகிறவர்தான் அந்தச் சிரமத்துக்கு வழி தேடினார். ஆனால் துடைப்பம் மாறினாலும் பிடிக்கும் கை மாறவேண்டும் என்று எந்த இயந்திரமும் கேட்பதில்லை.

2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் தருகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த 299 நிமிடங்கள் ஒரே பெரிய வேலையாக வருவதில்லை. அம்மாவின் திங்கட்கிழமை போன்ற, பெயர்கூட இல்லாத சிறு வேலைகளாகச் சேர்கின்றன.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப ஆல்பத்தில் காரோடு எடுத்த படம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். யார் ஓட்டினார்கள், யார் பெருக்கினார்கள், சாவி எங்கே மாட்டியிருந்தது? பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். தொப்பி ஊசியை நினைவில் வைத்திருக்கும் வரலாற்றில் பெயின்ட் பிரஷுக்கும் இடம் இருக்கிறது.